சீஷெல்ஸில் பாய்மரப் படகில் சேர விமானம் ஏறும் தம்பிக்கு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹோட்டல் பயிற்சி முடித்து, நுவரெலியாவில் இரண்டு வருடம் கிச்சனில் வேலை செய்தவர். இப்போது சீஷெல்ஸ் தீவுகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓடும் ஒரு பாய்மரப் படகில் இடம் கிடைத்திருக்கிறது. பாதி டெக் வேலை, பாதி சமையல். ஜூன் நடுவில் விமானம், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. "இதுவரை விமானம் ஏறியதில்லை. கடலில் கால் நனைத்ததோடு சரி, நீந்தத் தெரியாது. ஏர்போட்டில் என்ன கேட்பார்கள், என்ன கொண்டு போவது, அங்கே இறங்கிப் படகை எப்படிப் பிடிப்பது? முகவர் விசிட்டில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மா பயப்படுகிறார்." கேள்வி இதுதான்.

தம்பி, நான் டிக்கோயாவில் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பதினாலு வருடமாகக் கடல் வேலை. முதலில் சரக்குக் கப்பல், இப்போது பாய்மரப் படகுகள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். படகில் சேரப் போகிறவன் சுற்றுலாப் பயணியும் இல்லை, வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போகிறவனும் இல்லை. வழியில் நாலைந்து கவுண்டரைத் தாண்ட வேண்டும். "நீ யார், எதற்குப் போகிறாய்?" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்பார்கள். உங்கள் வாயும் கையிலுள்ள தாளும் எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அது சரியாக இருந்தால் மீதிப் பயணம் பஸ் ஏறுவது மாதிரித்தான்.

அதனால் "விசிட்டில் வா" என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். அப்படிப் போக வேண்டாம். சீஷெல்ஸுக்குப் போக இலங்கையர் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை என்பது உண்மை. இணையத்தில் பயண அனுமதி எடுத்தால் போதும், இறங்கியதும் வருகையாளர் அனுமதி தருவார்கள். ஆனால் அந்த அனுமதியில் வேலை செய்ய முடியாது. அங்கேயே நிலையாக ஓடும் படகில் சம்பளத்துக்கு வேலை என்றால், ஜி.ஓ.பி. என்று அவர்கள் சொல்லும் வேலை அனுமதி வேண்டும். அதை முதலாளிதான் உங்களுக்காக விண்ணப்பித்து, நீங்கள் புறப்படும் முன்பே எடுக்க வேண்டும். விசிட்டில் போய்ப் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது பிடித்தால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள். முகவர் கொழும்பில் சுகமாக இருப்பார்.

வேறொரு நாட்டில் பதிவான படகு தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அது சீஷெல்ஸின் பெரிய தீவான மாஹேயில் நிற்கும்போது போய்ச் சேர்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது நீங்கள் கடலோடி. படகின் உள்ளூர் முகவர் தரும் கடிதத்தோடு போய் இறங்கி, படகின் ஆள்பட்டியலில் பெயர் ஏறும். உங்களுடையது இந்த இரண்டில் எது என்று முகவரிடம் நேராகக் கேளுங்கள். தடுமாறினால் அங்கேயே யோசியுங்கள். வேலை அனுமதியில் போவதானால், புறப்படும் முன் நம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதிய வேண்டும். 1989க்கு அழைத்துக் கேட்டால் என்ன தாள் வேண்டும் என்று சொல்வார்கள்.

படகு உண்மையில் இருக்கிறதா என்று நீங்களே வீட்டிலிருந்து பார்க்கலாம். கப்பல்களின் ரேடியோவுக்கு எம்.எம்.எஸ்.ஐ. என்று ஒன்பது இலக்க எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் பதிவான நாட்டைக் காட்டும்: இலங்கை 417, மாலைதீவு 455, சீஷெல்ஸ் 664. "சீஷெல்ஸ் படகு" என்று சொல்லிவிட்டு வேறு எண் தந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரிய கப்பலானால் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் இருக்கும். அது பொய்யா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. முதல் ஆறு இலக்கத்தையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9074729 என்றால் 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139, கடைசி இலக்கம் 9. சரி. சும்மா ஏழு எண்ணை எழுதித் தருகிறவர்கள் அநேகமாக இதில் மாட்டிக்கொள்வார்கள். சின்னப் பாய்மரப் படகுகளுக்கு இந்த எண் இல்லாமலும் இருக்கும், அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

காசு விஷயம். கடலோடிகளுக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று இருக்கிறது, எம்.எல்.சி. என்பார்கள். வேலை தேடித் தந்ததற்காகக் கடலோடியிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதில் உள்ள விதி. பாஸ்போட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ், இவற்றின் செலவு மட்டும் உங்களுடையதாக இருக்கலாம். "டிக்கட்டுக்கு டெபொசிட் கட்டு" என்று கேட்டால் கட்டாதீர்கள். தோட்டத்தில் நகையை அடகு வைத்துக் கட்டிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பும் டிக்கட்டும் படகுக்காரர் பொறுப்பு. அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனிப் பெயர். மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய வில்லங்கம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பதிவாளர் சிங்களத்தில் எழுதினார், அதைப் பிறகு யாரோ ஆங்கிலமாக்கினார். அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஊருக்குள் இருக்கும்வரை அது ஒரு தொல்லையும் தராது. கவுண்டரில் தரும்.

உங்கள் பாஸ்போட்டின் படப் பக்கத்தைத் திறந்து அடியில் பாருங்கள். அம்புக்குறி மாதிரி அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். மெஷின் படிப்பது அதைத்தான். மேல் வரியில் முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர்கள். டிக்கட்டிலும் படகுக்காரரின் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் பயிற்சிச் சான்றிதழிலும் பெயர் அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். "சாமி" என்று முடியும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் Y போட்டு எழுதுவார், இன்னொருவர் I போட்டு எழுதுவார். அந்த ஒரு எழுத்துப் போதும். டிக்கட் கைக்கு வந்த அன்றே பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் டிக்கட் போட்டவரிடமே அன்றே சொல்லித் திருத்துங்கள். பயணத்துக்கு முதல் நாள் திருத்தப் போனால் கையை விரித்துவிடுவார்கள். பாஸ்போட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அதையும் டிக்கட் போடும்போதே சொல்ல வேண்டும். பாஸ்போட்டையே திருத்த வேண்டுமென்றால் பத்தரமுல்லைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை, கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை இருக்கிறது.

நான் சொல்வது என் அனுபவம். முதல் பயணத்தில் முகவர் தந்த கடிதத்தில் கப்பலின் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. ஒப்பந்தத்தில் சரியாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஐந்தாவது எழுத்தில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்து, "இது இரண்டு கப்பலா, ஒரு கப்பலா?" என்று கேட்டார். முகவரின் கையடக்கத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அதிகாலை மூன்று மணிக்கு யார் எடுப்பார்கள்? கவுண்டர் மூடியது, விமானம் போனது. விடியும் வரை கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மரீன் டிக்கட் என்று கடலோடிகளுக்கான டிக்கட்டாக இருந்ததால் பணம் போகாமல் மறுநாளுக்கு மாற்ற முடிந்தது. அந்த வகை டிக்கட்டில் தேதி மாற்றுவது சுலபம், பொதிக்கும் கூடுதல் கிலோ தருவார்கள். உங்களுக்குக் கடலோடியாக டிக்கட் போடுகிறார்களானால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கவுண்டரில் கட்டாயம் வரும் கேள்வி, "திரும்பி வரும் டிக்கட் எங்கே?" என்பது. உங்களிடம் ஒருவழி டிக்கட்தான் இருக்கும். அதற்குப் பதில்தான் வேலை அனுமதிக் கடிதம் அல்லது படகு முகவரின் கடிதம். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர், பாஸ்போட் எண், படகின் பெயர், எங்கே எப்போது சேர்கிறீர்கள், திருப்பி அனுப்பும் செலவு யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். போனில் படமாக வைத்திருப்பது போதாது. அச்சடித்து மூன்று பிரதி கொண்டு போங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பாஸ்போட், கடிதம், ஒப்பந்தம், பயண அனுமதி, பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. எனும் கடலோடிப் புத்தகம் இருந்தால் அது, எல்லாம் அந்த வரிசையில். அந்த ஃபைல் பொதியில் போகக் கூடாது, கையில்தான். கடிதத்தின் மேல் மூலையில் மாஹேயில் உங்களைக் கூட்டிப்போக வருபவரின் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். போன் செத்துப்போனாலும் தாள் பேசும்.

பயண அனுமதியை அரசாங்கத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன.

கடல் வேலைக்கான பயிற்சி முடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்.டி.சி.டபிள்யூ. எனும் சர்வதேச விதிப்படி கடலோடிகளுக்கு அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று உண்டு. உயிர் காக்கும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பு என்று நாலு பகுதி. அதோடு கப்பல் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று சின்னதாக இன்னொன்று. கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் முடியும். மாலபேயில் உள்ள சினெக் போன்ற இடங்களில் நடத்துகிறார்கள். "அது பிறகு பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாளுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வைப்பார்கள், கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் தெப்பத்தைத் தண்ணீரில் நின்றே புரட்டிப் போடச் சொல்வார்கள். முதல் தடவை அதைக் குளத்தில் செய்து பார்ப்பதற்கும் நடுக்கடலில் செய்து பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீந்தத் தெரியாது என்று எழுதினீர்களே, எனக்குக் கவலை அதில்தான். மலையில் வளர்ந்த பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு பயந்தே வளர்கிறோம். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டு போயிருக்கிறது! அந்த நீர்த்தேக்கங்களில் போய்ப் பழகாதீர்கள். குளிர், சேறு, கரையிலேயே திடீர் ஆழம். ஜூனை ஒட்டி மேற்குக் கரைக் கடலும் வேண்டாம், நீர்கொழும்பில் அலை புரட்டி எடுக்கும். ஆனால் அதே மாதத்தில் கிழக்கு அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் எவ்வளவோ தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது. நாலு நாள் லீவு போட்டு நீந்தத் தெரிந்த ஒருவரோடு அங்கே போங்கள். முடியாவிட்டால் கண்டியிலோ கொழும்பிலோ ஒரு நீச்சல் குளத்தில் ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பழகுங்கள். இந்தப் பயணத்துக்காக நீங்கள் செய்யும் செலவுகளில் இதைவிட உருப்படியானது இல்லை.

இன்றைக்கே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்புங்கள். மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கால் மெதுவாக விடுங்கள். குமிழி காதோரம் ஏறுவது கேட்கும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் மூச்சு வாங்குங்கள், திரும்ப உள்ளே. பத்துத் தடவை, காலையும் மாலையும். தண்ணீருக்குள் மூச்சை அடக்கிப் பிடித்துக்கொள்வதுதான் பயத்தைக் கூட்டுகிறது. விடப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது மல்லாக்க மிதப்பது: காது நனையும்வரை தலையைச் சாய்த்து, வயிற்றை மேலே தள்ளுங்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது என்பதால் கடல் நம்மைக் கொஞ்சம் சுலபமாகவே தூக்கிப் பிடிக்கும். ஐந்து நிமிடம் அசையாமல் மிதக்கத் தெரிந்தவனைத் தேடி எடுக்கப் படகுக்கு நேரம் கிடைக்கும்.

அப்புறம் கயிறு. போலைன் என்ற ஒரு முடிச்சை வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள், மாட்டுக் கயிறு இருந்தால் போதும். கயிற்றில், நுனிப் பக்கம் மேலே வரும்படி ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனியை அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுங்கள். நீளமாக ஓடும் கயிற்றின் பின்னால் அதைச் சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே மேலிருந்து கீழே விட்டு இறுக்குங்கள். எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகிச் சுருங்காது, வேலை முடிந்ததும் விரலால் அவிழ்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள். வின்ச் என்ற உருளையில் கயிறு சுற்றும்போது வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், விரல் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் போகவே கூடாது. இதை முதல் நாளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள், இருந்தாலும் நானும் சொல்லி வைக்கிறேன். பாயில் காற்று நிறைந்து கயிறு விறைத்து நிற்கும்போது அது ஒரு விரலை எடுக்கக் கண் இமைக்கும் நேரம் போதும்.

கட்டமரான் என்று இரட்டை உடல் கொண்ட படகைச் சொல்வார்கள். உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல் நம் கட்டுமரம்தான். படகில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

பொதிக்கு வருகிறேன். சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். படகில் அதை வைக்க இடமில்லை. மடித்து ஒரு மூலையில் செருகக்கூடிய துணிப் பை எடுங்கள். மழைச் சட்டை ஒன்று, மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, டெக்கில் கறை படியாத வெள்ளை அடிப்பாகச் சப்பாத்து ஒரு சோடி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. படகில் பெரும்பாலும் வெறுங்கால்தான். கத்தி, மடக்குக் கருவி எல்லாம் பெரிய பொதிக்குள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், பெரிய பொதியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். தானாகக் காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட்டை யாராவது கொண்டு வரச் சொன்னால், அதற்குள் வாயுச் சிலிண்டர் இருப்பதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆபத்துக்கு எரிக்கும் ஃபிளேர் எந்தப் பையிலும் கூடாது. மருந்து கொண்டு போனால் வைத்தியரின் துண்டோடு கொண்டு போங்கள். துபாய் அல்லது அபுதாபி வழியாகப் போவீர்களானால் கோடின், டிராமடோல் கலந்த வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம், அந்த நாட்டில் அவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு. அம்மா இடித்துத் தரும் மிளகாய்த் தூளை இரண்டு உறை போட்டுப் பெரிய பொதியில் வையுங்கள். கையில் கொண்டு போனால் பாதுகாப்புச் சோதனையில் பிரச்சினை வரும்.

ஜூன் நடுவில் நம் பக்கம் மழை கொட்டும் காலம். கினிகத்தேன, கித்துள்கல பாதையில் ஒரு மண்மேடு சரிந்தால் அரை நாள் போய்விடும், ரயிலும் அப்படித்தான். விமானத்துக்கு முதல் நாள் காலையிலேயே மலையிறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 187 பஸ் இருக்கிறது. விமான நேரத்துக்கு நாலு மணித்தியாலம் முன்பு உள்ளே நில்லுங்கள், மூன்று போதாதா என்று கேட்காதீர்கள். உங்களுடையது தாள் அதிகம் பார்க்கும் பயணம். வழியனுப்ப வேன் பிடித்து இருபது பேர் வரும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வரட்டும், அது பாசம். ஆனால் உள்ளே போகும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

விமானத்துக்குள் பயப்பட எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்துக்குச் சமமான அளவைத் தாண்டாமல் வைத்திருப்பார்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல், ஹோர்ட்டன் சமவெளி 7,000 அடி. ஆக நீங்கள் இரண்டு வருடம் நின்று சமைத்த ஊரின் காற்றுக்கும் விமானத்துக் காற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இறங்கும்போது காது அடைக்கும். ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும்போது அடைக்குமே, அதேதான், கொஞ்சம் அதிகமாக. எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும். ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வளைகுடா வழியென்றால் முதல் விமானம் ஏறக்குறைய நாலரை மணித்தியாலம், அடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. இடையில் இறங்கும் இடத்தில் வெளியே போகும் வழியில் போய்விடாமல் 'டிரான்ஸ்ஃபர்' என்ற பலகையைப் பின்பற்றுங்கள். அடுத்த விமானத்தின் கேட் எண்ணை முதலில் திரையில் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தூக்கம், சாப்பாடு எல்லாம்.

மாஹேயில் இறங்கும்போது ஜன்னலில் கடைசி நிமிடம் வரை கடல்தான் தெரியும். பதற வேண்டாம். கடலோரத்தை நிரப்பிக் கட்டிய ஓடுபாதை அது, 1972இல் திறந்தது. குடிவரவில் கேட்டால் "படகில் வேலைக்கு வந்திருக்கிறேன், இதோ கடிதம்" என்று மட்டும் சொல்லுங்கள். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. வெளியே யாரும் பெயர்ப் பலகையோடு நிற்கவில்லை என்றால் ஏர்போட்டை விட்டுப் போகாமல், கடிதத்தின் மூலையில் எழுதிய எண்ணுக்கு அழையுங்கள்.

அந்நிய ஊர் என்று நினைக்கிறீர்கள். தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு, நகரத்தின் நடுவில். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வழியினர் அங்கே கடை வைத்து வாழ்கிறார்கள். பிள்ளை, செட்டி என்று பெயர்ப் பலகையில் பார்ப்பீர்கள், பேசுவது பெரும்பாலும் கிரியோல். மலையேறும் பாதையில் தேயிலைத் தோட்டமும் ஒரு தொழிற்சாலையும்கூட உண்டு. நான் முதல் தடவை அந்தப் பாதையில் போனபோது தேயிலை அவியும் வாசனை வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன்.

காற்றைப் பற்றி ஒன்று. ஜூனில் அங்கே தென்கிழக்குக் காற்றுக் காலம், அக்டோபர் வரை அடிக்கும். மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் திறந்த கடல், அந்தக் காலத்தில் நன்றாக ஆட்டும். அந்தக் காற்றுத்தான் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வந்து, திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக நம் மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. உங்கள் பாயை நிறைக்கும் காற்று சில நாளில் பொகவந்தலாவைக் கொழுந்தை நனைக்கும்.

முதல் மூன்று நாள் வாந்தி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிப் போகாதீர்கள், இந்த ஆட்டம் வேறு. மாத்திரையைப் படகு புறப்படும் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. வெளியே நின்று தொடுவானத்தைப் பாருங்கள், வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். சமையலறைதான் மோசமான இடம், அதனால் புறப்படும் முன்பே காய்கறி வெட்டி வைத்துவிடுங்கள். நீங்கள் கிச்சன் ஆள் என்பதால் இன்னொன்று: படகில் காஸ் கசிந்தால் வெளியே போகாது. காற்றைவிடக் கனமானதால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். சமைத்து முடித்த ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் வால்வை மூடுங்கள், அடுப்பின் குமிழை மட்டும் அல்ல. குடிதண்ணீரும் அங்கே அளவுதான். ஓடைத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு அது பழக நாளாகும்.

எம்.எல்.சி.யின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு உண்டு, வாரத்துக்கு 77. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போட்டைக் கப்டன் பாதுகாப்பாக வாங்கி வைப்பது வழக்கம். படப் பக்கத்தையும் முத்திரை குத்திய பக்கத்தையும் படமெடுத்து அக்காவுக்கோ தங்கச்சிக்கோ அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு நீங்கள் இருக்கும் படகின் பெயர், கப்டனின் எண், மாஹே முகவரின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். சீஷெல்ஸ் நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அம்மா காலை ஏழு மணிக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கிளம்புகிறார் என்றால் உங்களுக்கு அப்போது ஐந்தரை. மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு வீடு வந்தால் உங்களுக்கு நாலரை, அந்த நேரம் படகு அநேகமாக நங்கூரம் போட்டிருக்கும், சிக்னலும் கிடைக்கும். அந்த நேரத்தைப் பேசி வையுங்கள். வெளித் தீவுகளுக்குப் போகும் நாட்களில் சிக்னல் இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் அழைப்பு வராததற்கே லயம் முழுக்கக் கூடிவிடும். ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்ததும் வேலை அனுமதி, திரும்பும் டிக்கட், ஓய்வு நேரம் இந்த மூன்று வரியையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.